சிவப்புக் குழாயில் குளிர்ந்த தண்ணீர்

வாப்பா முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. மதுரையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாம் பழுது பார்க்கச் சொல்லித்தரும் ஓராண்டுப் படிப்பின் விண்ணப்பத்தை நீட்டியதும், கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார்.

"பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்ச புள்ள, ஸ்பேனரத் தூக்கிட்டுத் திரியப் போறேங்குறே."

"ஆமா வாப்பா."

"நம்ம வீட்டு ஹீட்டரு ரெண்டு நாளா காயல. வெள்ளிக்கெழம உங்க ராத்தாவுக்கு நாப்பது குளிப்பு. வெளிய ஆள் கூப்புடாம அதுக்குள்ள நீயே சரி பண்ணிக் காட்டு. கையெழுத்துப் போடுறேன்."

"பண்ணலைன்னா?"

"பி.எட்."

அன்று திங்கட்கிழமை. நான் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விட்டேன்.

என் அக்காவான ராத்தா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, ஆண்பிள்ளை பெற்று, கீழறையில் இருந்தாள். நாற்பதாம் நாள் தலைமுழுகிவிட்டு அவள் மறுபடி தொழ ஆரம்பிப்பாள். மாமியார் வீட்டார் வருவார்கள், விருந்து இருக்கும். அந்த நாற்பது நாளும் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பது உம்மாவின் சட்டம். ஹீட்டர் படுத்துவிட்டதால், சட்டம் போட்டவரே கேஸ் அடுப்பில் தண்ணீர் காய வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாளி வாளியாகச் சுமந்தார்.

ஹீட்டர் இருப்பது ராத்தா அறையின் பாத்ரூமில். சுவருக்கு அந்தப் பக்கம் ஹால் பாத்ரூம். அங்குள்ள சிவப்புக் குழாய்க்கும் இதிலிருந்துதான் தண்ணீர் போகிறது. சுவிட்ச் ராத்தாவின் அறைக்குள் இருக்கிறது. கரண்ட் கோளாறானால் தானே கீழே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச், மாடிப்படிக்குக் கீழே மெயின் பெட்டியில்.

பெட்டியைத் திறந்தேன். ஹீட்டரின் எம்.சி.பி. கீழே விழுந்து கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பார்த்த முதல் நிமிடத்திலேயே நோய் பிடிபட்டுவிட்டது!

"டிரிப் ஆயிருக்கு!" என்று கத்தினேன். "நம்ம போர்த் தண்ணி உப்பு. உள்ள காயில் அரிச்சிருக்கும். கரண்ட் பாடிக்குக் கசியுது."

"கரண்ட் கசியுதா?" உம்மா வாளியைக் கீழே வைத்தார். "அடியே, பச்ச ஒடம்புக்காரி குளிக்கிற எடம்."

"அதுக்குத்தான் உம்மா டிரிப் ஆகுது. நல்லதுதான்."

"கரண்ட் கசியிறது நல்லதாம். பி.எஸ்சி. சொல்லுது."

பக்கத்தில் நின்று எனக்கு டார்ச் பிடித்தது காக்கா. என் மூத்த அண்ணன், பன்னிரண்டு வருடமாக அபுதாபியில் வேலை. புதிதாய்ப் பிறந்த மருமகனைப் பார்க்க ஒரு மாத லீவில் போன வெள்ளிக்கிழமைதான் வந்திருந்தார். நான் தண்ணீரை வடித்து, அடிமூடியைக் கழற்றிக் காயிலை உருவினேன். கல் உப்பில் புரட்டி எடுத்த கருவாடு மாதிரி வெள்ளையாக வந்தது.

"யா அல்லாஹ்," என்றார் காக்கா. "இதத்தான் டிரிப்புன்னு சொல்றியா?"

"இதனாலதான் டிரிப்பு."

"இங்கன தண்ணியும் சரியில்ல, கரண்டும் சரியில்ல புள்ள."

வினிகரில் ஊறவைத்து, சுரண்டி, கழுவி மாட்டினேன். தண்ணீர் நிரப்பி எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டதும் அரைமணியில் குழாய் ஆவி பறக்கக் கொட்டியது. சாயங்காலம் ராத்தா வெந்நீரில் குளித்துவிட்டு, துவைக்க வேண்டிய குழந்தைத் துணியையும் அதிலேயே அலசினாள். நான் விண்ணப்பத்தில் என் பெயரை அழகான எழுத்தில் நிரப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராத்தாவின் குரல் வந்தது. "ஏன்டி, இது ஹீட்டரா, மண்பானையா?"

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். எம்.சி.பி. கீழே கிடந்தது.

அதைத் தூக்கிவிடவில்லை. காரணம் தெரியும் வரை யாரும் தொடக்கூடாது என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பிரித்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையை ஹீட்டரின் உடம்பிலும் வைத்தேன். கசிவே காட்டவில்லை. தெர்மோஸ்டாட்டைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. எர்த் வயரை முறுக்கினேன், அதுவும் இறுக்கமாகவே இருந்தது. எல்லாவற்றையும் மாட்டிப் போட்டதும் சாயங்காலம் கொதித்தது. புதன் காலை பச்சைத் தண்ணீர்.

அன்று ராமநாதபுரம் பஸ் பிடித்துப் போய்ப் புதுக் காயிலும் புது ரப்பர் வாஷரும் வாங்கி வந்தேன். கடைக்காரர் "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். ஒருத்தர் டார்ச் பிடிக்கிறார் என்று சொன்னேன். திரும்பி வந்து மூன்றாம் முறை பிரித்து மாட்டினேன். வியாழன் காலை மறுபடி கீழே.

வாப்பா செய்தித்தாளை மடித்தபடி, "ராமநாதபுரத்துல பி.எட். காலேஜ் நல்லாத்தான் இருக்காம்," என்றார்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. விழுந்து கிடந்ததைத்தான் நான்கு நாளும் பார்த்தேன், விழும்போது பார்க்கவில்லை. எந்த நேரத்தில் விழுகிறது என்று தெரிந்தால், அந்த நேரத்தில் வீட்டில் வேறு எது ஓடுகிறது என்று பிடித்துவிடலாம். மோட்டாரா, மிக்ஸியா? அன்று மூன்று மணிக்கு எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டு, நோட்டும் பேனாவுமாக மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

நான்கு மணிக்கு உம்மா மிக்ஸி போட்டார். விழவில்லை. ஐந்துக்கு மோட்டார் ஓடியது. விழவில்லை. ராத்தா குளித்துவிட்டும் வந்தாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

அந்தி சாய்ந்தது. மஃரிப் தொழுகைக்கான பாங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும். காக்கா தொப்பியை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன புள்ள, காவலா?"

கேட்டுக்கொண்டே மெயின் பெட்டியின் மூடியைத் திறந்தார். வலமிருந்து இரண்டாவது எம்.சி.பி.யை ஒற்றை விரலால் கீழே தட்டினார். மூடியைச் சாத்தினார். "விடு, நாளைக்கிச் சரியாயிரும்," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"காக்கா! இப்ப என்ன செஞ்சீங்க?"

"செருப்பத் தேடுறேன்."

"அதுக்கு முன்னாடி!"

காக்கா யோசித்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது.

அபுதாபி வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் உலையாய்க் கொதிக்குமாம். அதனால் கோடை முழுக்க ஹீட்டரை அணைத்து வைப்பார்களாம். அறைக்குள் ஹீட்டர் டாங்கில் நிற்கும் தண்ணீர் ஆறிப்போயிருக்கும். நீலக் குழாயில் சுடுதண்ணீர், சிவப்பில் குளிர்ந்த தண்ணீர். எட்டுப் பேர் தங்கும் அறையில், வெளியே போகும்போது ஹீட்டர் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது காக்காவின் வேலை. இங்கே வந்த முதல் நாள், மே மாத மத்தியானத்தில், ஹால் பாத்ரூமின் நீலக் குழாய் முதுகைச் சுட்டிருக்கிறது. மீதியைப் பழகிய கை தானாகவே பார்த்துக்கொண்டது.

"டார்ச் புடிச்சீங்களே காக்கா! மூணு நாளும் புடிச்சீங்களே!"

"நீ டிரிப்பு டிரிப்புன்னே. நானும் டிரிப்புன்னுதான் நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிறாத. ராத்தா என்னய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா. புதுக் காயில்தான் போட்டிருக்கேல்ல, அதுல சரியாயிருச்சுன்னு சொல்லு. கையெழுத்த வாங்கிக்க. நான் இனிமே அந்தப் பக்கமே வாரலை."

நல்ல யோசனைதான். வெள்ளிக்கிழமைக்கு ஒரு ராத்திரி மிச்சம், ஹீட்டர் கொதிக்கும், யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணம் என்னைத் தடுத்தது என்று எழுத ஆசை. ஆனால் இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பை வாய்க்குள் வைத்திருக்க என்னால் முடியவில்லை. காக்கா தொழுதுவிட்டு வருவதற்குள் மூவரிடமும் சொல்லி முடித்திருந்தேன்.

ராத்தா கட்டிலிலிருந்தே, "வரட்டும் அவுக!" என்றாள். உம்மா சிரித்துச் சிரித்து இடுப்பு வலியை மறந்தார். வாப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் அபுதாபியில் இருபது வருடம் இருந்து திரும்பியவர்.

"நாலஞ்சு நாளா மத்தியானம் செவப்புக் கொழாய்ல ஜில்லுன்னு வந்துச்சு," என்றார் கடைசியில். "நானும் அதுலதான் குளிச்சேன். அங்கன இருந்த பழக்கம். ஏன்னு கேக்கத் தோணல."

"ஆக, வாப்பாவும் மவனும் ஜில்லுன்னு குளிக்க நான் வாளி தூக்கிருக்கேன்," என்றார் உம்மா.

வாப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ எதத்தான் சரி பண்ணுன?"

"எதையும் இல்ல வாப்பா. பழுதே இல்ல. யாரும் அணைச்சீங்களான்னு மொதல்லயே கேட்டிருக்கணும்."

"எத்தன தடவ பிரிச்சே?"

"மூணு."

"மூணு தடவ பிரிச்சு மாட்டுனதுக்கப்புறமும் அது ஓடுதா?"

"ஓடுது."

"காலைல பாப்போம்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ராத்தா கதவைச் சாத்தினாள். வாப்பா ஹாலில் நின்றார். நான் விண்ணப்பத்தோடு பக்கத்தில் நின்றேன். உள்ளிருந்து சத்தம் வந்தது: "உம்மா, கொதிக்குது! பச்சத்தண்ணி வெளாவணும்!"

வாப்பா கையை நீட்டினார். விண்ணப்பத்தைக் கொடுத்தேன். விருந்துக்காக மேசைகளை எல்லாம் முற்றத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். துண்டும் தோளுமாக வந்த காக்காவை நிறுத்திக் குனியச் சொல்லி, அவர் முதுகில் காகிதத்தை விரித்தார் வாப்பா. பேனா எழுதவில்லை, உதறி, மறுபடி முதுகில் அழுத்தினார்.

"சீக்கிரம் போடுங்க வாப்பா," என்றார் காக்கா குனிந்தபடி. "குளிக்கப் போகணும்."

"எந்தக் கொழாய்ல?" என்று வீடே கேட்டது.