அரைச் சுற்று கூடுதல்

என் மனைவி வசந்தா சிரிப்பதை நிறுத்தியபோது, என் ஜோக்குகளுக்குத்தான் வயதாகிவிட்டது என்று நம்பினேன். புதிதாக நாலு தயாரித்தும் பார்த்தேன். பலிக்கவில்லை.

கல்யாணமான புதிதில், சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து திட்டும் எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே சாய்ந்துவிடுவாள். ரயில் தாமதமானால் எனக்குச் சந்தோஷம்.

இரண்டு பிரசவங்களும் இருபது வருடங்களும் கழித்து ஒருநாள் சொன்னாள்: "உங்க ஜோக்குல ஒண்ணும் கொறை இல்லீங்க. சிரிச்சா துணி நனைஞ்சிடுது."

ஓசூரில் ஒரு பெண் மருத்துவர் ஸ்லிங் அறுவைசிகிச்சை (சிறுநீர்க் குழாய்க்கு அடியில் மெல்லிய வலைநாடா வைத்துத் தாங்குவது) செய்யலாம் என்றார். நான் ஃபேக்டரியில் ஃபிட்டர். பைப் கசிந்தால் ஸ்பானரில் அரைச் சுற்று கூடுதலாகத் திருகுவது எங்கள் பழக்கம்.

"மேடம், அரைச் சுற்று சேர்த்தே டைட் பண்ணிடுங்க" என்றேன். வசந்தா என் கையைக் கிள்ளினாள்.

அறுவைசிகிச்சைக்கு மறுநாள் கதீட்டரை (சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாய்) எடுத்தார்கள். சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. மறுபடியும் குழாய் போட்டு, சிறுநீர் சேரும் பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான்.

மருத்துவரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "நான்தாங்க மேடம் அரைச் சுற்று கேட்டேன்."

"நீங்க கேட்டீங்கன்னு நான் இறுக்கலை சார். சிலருக்கு நாடா இப்படி இறுக்கமா அமைஞ்சிடும். தளர்த்தணும். ஆனா பழைய கசிவு திரும்பலாம்."

"தளர்த்துங்க மேடம்" என்றாள் வசந்தா. "இவர மட்டும் வெளியவே நிக்க வைங்க. உள்ள வந்தா ஸ்பானர் கேப்பாரு."

தளர்த்திய மறுநாள் காலை, கழிவறைக் கதவில் காது வைத்து நின்றேன்.

"அங்கியே நிக்கிறீங்களா?"

"இல்லியே."

"தள்ளிப் போங்க. வெக்கமா இருக்குது."

நாலடி நகர்ந்தேன். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கேட்டபடியே அழுதேன்.

என்னைப் போன்ற கணவர்களுக்கு ஒன்று. நாடா வைத்தபின் சிறுநீர் வராவிட்டால் வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனைவி கழிவறைக்குள் போனால் அவசரப்படுத்தாதீர்கள். ஷிப்ட் பஸ்ஸுக்காகவே ஓடிய நான், இப்போது அவள் வெளியே வரும்வரை நிற்கப் பழகிவிட்டேன்.

போன வாரம் சாமல்பட்டியில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சூப்பர்வைசராக நடித்தேன். சிரித்தாள். இரண்டு சொட்டு கசிந்தது என்றாள். மறுபடியும் நடிக்கச் சொன்னாள்.