நாக்கை நீட்டாத படம்

லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்துக் கண்ணை உருட்டுகிறார் பூபதி. நாக்கை இயன்ற மட்டும் வெளியே தள்ளுகிறார். அதே முகத்தோடு வண்டியின் பின்பக்கம் ஓடி, மறப்பதற்குள் பிரஷ்ஷால் நாலு கோடு இழுக்கிறார். மறுபடி கண்ணாடிக்கு ஓட்டம். சங்ககிரிப் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆளுக்கு ஏதோ கோளாறு என்று ஒதுங்கி நிற்பார்கள். அவர் திருஷ்டிப் பூதம் வரைகிறார், அவ்வளவுதான்.

“பூதத்த எங்கீங்க போயிப் பாக்கறது? இருக்கற மூஞ்சிய வெச்சுத்தானுங்க பண்ணோணும்” என்பார். கொம்பும் கோரைப்பல்லும் மட்டும் கற்பனை. அகன்ற மூக்கு, இடது புருவத்து வெட்டு, ஒட்டிய கன்னம் எல்லாம் சொந்தச் சரக்கு. அஸ்ஸாம் வரைக்கும் போகிற லாரிகளின் முதுகில் அவர் ஊர் ஊராக நாக்கைத் துருத்திக்கொண்டு போகிறார். லோடு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நானே அவரை முறைத்திருக்கிறேன்.

மகள் அபிநயா தன் விருப்பப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டபோது பூபதி கல்யாணத்துக்குப் போகவில்லை. மண்டபம் கூப்பிடு தூரம். மகளே நேரில் வந்து அழைத்தாள். மாப்பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை; முதலில் தன்னைக் கேட்கவில்லை என்பதுதான் குறை. “வேட்டி சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு ஊட்டுலயே உக்காந்திருந்தனுங்க. இன்னொருக்கா ஆளு உட்டிருந்தா போயிருப்பனுங்க. யாரும் வரலீங்க. வீம்பு சோறு போடுமாங்க?” கேட்டபோது எனக்குப் பரிதாபத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மகளுக்கும் அதே வீம்பு. மல்லசமுத்திரத்தில் அவள் வீட்டு ஆல்பத்தில் இவர் இல்லை. “அப்புச்சி எப்படியிருப்பாரு?” என்று தாத்தாவைப் பார்த்தேயிராத பேத்தி நச்சரித்தபோது, ரோட்டில் போன லாரியின் முதுகிலிருந்த பூதத்தைக் காட்டி, “அதுதான் உங்க அப்புச்சி” என்றாளாம். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வந்து பூபதியிடம் சொன்னார்கள். பூபதியும் சிரித்தார். அதன் பிறகு கொஞ்ச நாள் பூதம் வேண்டும் என்று வந்தவர்களை வேறு பட்டறைக்கு அனுப்பினார்.

சமீபத்தில் ஓவிய ஆசிரியர் தனசேகர், உள்ளூர் ஓவியர்கள் தங்களைத் தாங்களே வரைந்த படங்களைச் சேர்த்து நூலக மாடியில் ஒரு கண்காட்சி வைத்தார். ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள், போர்வெல் ரிக் வண்டிக்குப் பெயர் எழுதுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலர். படங்களில் ஆளுக்குக் கொஞ்சம் நிறமும் முடியும் கூடியிருந்தன. பூபதிதான் திணறிப்போனார். பிரஷ்ஷை எடுத்தாலே நாக்கு தானாக வெளியே வந்ததாம். “வாய மூடிட்டுக் கண்ணாடியப் பாத்தனுங்க. யாரோ வயசான ஆளு நிக்கறானுங்க. எனக்கே வெளங்குலீங்க.” ஒரு வழியாகப் படத்தை முடித்ததும் தனசேகரிடம் ஒன்று கேட்டார். “எம்புள்ளைக்கு ஒரு போன் பண்ணுங்க சார். பேத்தி ஒருக்கா என்ற நல்ல மூஞ்சியப் பாக்கட்டுங்க.”

நான் போயிருந்த மாலையில் அபிநயா குழந்தையோடு வந்தாள். தன் படத்துக்குக் கீழே நாற்காலியில் இருந்த பூபதி எழுந்துகொண்டார். “நல்லாருக்கீங்களாப்பா?” என்றாள். தலையை ஆட்டினார்.

குழந்தை படத்தை அண்ணாந்து பார்த்தது. “இது யாரும்மா?”

“உங்க அப்புச்சி, சாமி.”

“பொய்யி. அப்புச்சி இப்படி இருக்க மாட்டாரு. நாக்கு நீட்டிக்கிட்டு இருப்பாரு.”

அபிநயா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார். கண்ணை உருட்டினார். உருட்டிய கண் நிறைந்து வழிந்தது. ஆனாலும் நாக்கை இயன்ற மட்டும் வெளியே தள்ளி, குழந்தை சிரிக்கும்வரை அப்படியே நின்றார்.