சுக்குவிடம் சொல்லி அனுப்பிய மன்னி

ஆலுவாவில் எங்கள் மொட்டை மாடியில் நான் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கொச்சிக்குப் போயிருந்த என் கணவர் நடுப்பகலிலேயே திரும்பிவந்து, செருப்பைக் கழற்றாமல் முற்றத்தில் நின்றார். "மன்னி போயாச்சு" என்றார். விளக்கேற்றிவிட்டு, சற்றுச் சாய்ந்துகொள்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாடியிலிருந்த அப்பளத்தை அன்று யார் எடுத்து உள்ளே வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அலமேலு மன்னி என் கணவரின் அண்ணா மனைவி; எனக்கு ஓர்ப்படி. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது கொச்சங்காடியில் எங்களுக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. முன்புறம் மிளகு, சுக்கு மூட்டைகள், பின்புறம் வீடு, பின்வாசலில் காயலுக்குள் இறங்கும் கல்படிகள். குழம்பு, கோலம், பூத்தொடுப்பது எல்லாவற்றிலும் மன்னி கெட்டிக்காரர். வாயும் அப்படித்தான். ஒரு கல்யாணப் பந்தியில் நான் வைத்த மொளகூட்டலை, தேங்காய் அரைத்துவிட்ட எங்கள் பருப்புக் கூட்டை, ஒரு வாய் எடுத்துவிட்டு, சம்பந்திகள் காதுபட, "இது மொளகூட்டலா, காயல் ஜலமா?" என்றார். நான் விடுவேனா? அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அடுக்களை, ஒரே அம்மி. இரண்டு ஓணம் பேசாமலே கழிந்தன. தப்பு அவருடையதுதான் என்று இன்றும் சொல்வேன்.

கிட்டங்கியில் ஒரு நாய் இருந்தது. காய்ந்த இஞ்சியின் நிறம், அதனால் சுக்கு என்று பெயர். ஒரு மழைநாளில் மூட்டை ஏற்றிய கைவண்டி அதன் பின்காலில் ஏறிவிட்டது. கூடையில் வைத்து, போட்டில் எர்ணாகுளம் கொண்டுபோனோம். அங்கே மாட்டு டாக்டர் அறுவைசெய்து எலும்புக்குள் கம்பி வைத்தார். தையல் ஆறியபிறகும் சுக்கு அந்தக் காலை ஊன்றவில்லை. தொடை சூம்பிக்கொண்டே வந்தது.

"நிலத்தில் நடக்கவைத்தால் வலிக்கும். மார்பளவு தண்ணீரில் நடத்துங்கள், பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். வயிற்றுக்கடியில் துணி கொடுத்து இரண்டு பேர் பிடிக்கவேண்டும்" என்றார் டாக்டர். மன்னியின் கணவர் நல்ல மனிதர். சுக்கு இடுப்பை இழுத்துக்கொண்டு நகர்வதை அவரால் பார்க்கமுடியவில்லை. "ஓணம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நடக்கலைன்னா ஊசி போட்டு அனுப்பிடலாம். பாவம், அது படற பாடு" என்றார்.

வேலையாட்கள் கிட்டப் போனால் வலியில் கடிக்க வந்தது. எங்கள் இருவர் கைச் சோற்றில் வளர்ந்த நாய், எங்களைத்தான் தொடவிட்டது. மறுநாள் மன்னி தம்முடைய பழைய ஒன்பது கஜப் புடவையைக் கிழித்து நாலாக மடித்துக்கொண்டு படியில் நின்றார். நான் மறுமுனையைப் பிடித்தேன். ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் பேசாமல் நாயை நடத்தமுடியாது. இரண்டடி போவதற்குள் புடவை ஒருபக்கம் சரிந்து சுக்கு வாய்நிறைய உப்புத்தண்ணீர் குடித்தது. மன்னி அதன் காதருகே குனிந்தார்.

"சுக்கு, அவள்ட்ட சொல்லு, பின்னால கொஞ்சம் தூக்கிப் பிடிக்கட்டும்னு. கரண்டி பிடிக்கறாப்பல பிடிச்சிண்டு நிக்கறா."

"சுக்கு, முன்னால போறவா ரயிலாட்டம் ஓடினா பின்னால இருக்கறவா என்ன பண்ணுவான்னு கேளு" என்றேன் நான்.

சுக்கு அவர் முகத்தைப் பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும். அதுவே எங்கள் தபால்காரன் ஆயிற்று.

தண்ணீர் ஏறும் நேரம்தான் எங்கள் நேரம். சில நாள் விடியலில், சில நாள் மத்தியானத்தில். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை காயலின்மேல் ஓசையில்லாமல் இறங்கும். எதிர்க்கரைத் தீவு கரைந்துபோகும், எங்கோ ஒரு கப்பல் கூப்பிடும், பாசித்திட்டுகள் தாமாக நகர்ந்துபோகும். கிட்டங்கியின் மிளகு வாசனை ஈரக்காற்றில் படிவரை வரும். நாங்கள் நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றே தெரியாது. தண்ணீருக்கடியில் அந்த மெலிந்த கால் தூக்கத்தில் அசைவதுபோல் மெல்ல முன்னே போய், மெல்லப் பின்னே வரும். அந்த மழையும் அந்த மௌனமும் இப்போதும் என் கனவில் வருகின்றன.

ஒருநாள் வள்ளக்காரர் ஒருவர் துடுப்பை நிறுத்தி, "எந்தா அம்மாமாரே, பட்டியெ நீந்தான் படிப்பிக்கயாணோ?" என்று சிரித்தார். நாய்க்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறோமாம். "நீந்தறதுக்கில்லை சேட்டா, நடக்கறதுக்காக்கும்!" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டோம். பிறகு வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கரைக்கு வந்ததும் மன்னி அந்தக் காலைத் துடைத்து, மடியில் வைத்து, மடக்கி நீட்டுவார். "நோக்கு ஒண்ணும் ஆகாதுடா. நான் விடமாட்டேன் கேட்டயா" என்பார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. கால் பலம்பெறப் பெற, ஒவ்வொரு படியாக மேலே வந்து ஆழம் குறைந்த தண்ணீரில் நடத்தினோம். எனக்குள் ஒரு திருட்டுக் கவலையும் வளர்ந்தது. சுக்கு நடந்துவிட்டால் நாங்கள் யார் மூலமாகப் பேசுவது?

ஓணம் நெருங்கிய ஒரு காலையில் வாசலில் கைவண்டி உருளும் ஓசை கேட்டது. சுக்கு காதை உயர்த்தியது. புடவையிலிருந்து உருவிக்கொண்டு, நாலு காலையும் ஊன்றிப் படியேறி, கிட்டங்கி வழியாக ஓடி, அந்த வண்டியைப் பார்த்து ஊரே அதிரக் குரைத்தது. உள்ளேயிருந்து மன்னியின் கணவர், "நடக்கறதுடீ! நடக்கறது!" என்று கத்தினார்.

முழங்கால் தண்ணீரில் நாங்கள் இருவரும் வெறும் புடவையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடுவில் யாரும் இல்லை. மன்னியின் கண் நிரம்பியிருந்தது.

"இனிமே யார்ட்ட சொல்லி அனுப்பறது, மீனா?" என்றார்.

"நேரா சொல்லுங்கோ, மன்னி."

புடவை முனையை முறுக்கிப் பிழிந்தார். "மொளகூட்டல்ல ஜலம் ஜாஸ்திதான்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் சுக்கு பல வருஷம் இருந்தது. வயதானபோது மழைக்காலத்தில் அந்த இடுப்பு இறுகிவிடும்; மன்னி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். சுக்கு போனபிறகு அந்த முடிச்சு மன்னியின் முழங்காலுக்கு வந்தது. நாங்கள் ஆலுவாவுக்குக் குடிவந்தபின், போன சித்திரையில் விஷுவுக்கு நான் மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தபோது, காயலைப் பார்க்கவேண்டும் என்றார். அவரால் படி இறங்கமுடியவில்லை. பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "தூக்கிப் பிடிடீ, கரண்டியாட்டம் பிடிக்காதே" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

காரியங்கள் முடிந்த அன்று தனியாக அந்தப் படிக்குப் போனேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நேரில் சொல்ல இனி மன்னி இல்லை. எனக்குத் தெரிந்த பழைய வழி ஒன்றுதான் இருக்கிறது.

சுக்கு, நீ முன்னாலேயே போயிட்டாய். மன்னி வந்துண்டிருக்கார். முழங்கால் வலி, படி வழுக்கும், மெதுவா நடக்கச் சொல்லு. பின்னால நான் பிடிச்சிண்டிருக்கேன்னு சொல்லு.