கண் மூடாத வெடி

ஐரோப்பிய மலையூரான இன்டர்லாக்கனில் நான் வேலை செய்யும் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் ஒரு வேட்டைக்காரர். இந்த ஊர்க்காரர். அவரோடு சுற்றிச் சுற்றி நானும் வேட்டைப் பரீட்சை எழுதி அனுமதி எடுத்துவிட்டேன். வீட்டில்தான் பூகம்பம்.

"வள்ளியைப் பெத்தது மான். முருகன்ர மாமியைச் சுடப் போறியளோ?" என்றாள் மனைவி. மான் இறைச்சி தன் குசினி வாசலை மிதிக்காது என்றும் சொல்லிவிட்டாள். ஆனால் முதல் வேட்டைக்கு நான் புறப்பட்டபோது கதவடிக்கு வந்தாள். "சுட்டால் ஒரே வெடியிலை முடியவேணும். அந்தச் சீவனை நோக விடாதையுங்கோ."

என் பயமும் அதுதான். ஊரில் போர்ச் சண்டைக்குள் வளர்ந்த உடம்பு இது. வெடிச் சத்தம் வருமுன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். பயிற்சித் திடலில் என் சூடுகள் எல்லாம் இலக்குக்குக் கீழே போயின. துப்பாக்கி சரியில்லை, காற்றுச் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். சமையற்காரர் வாதாடவில்லை. எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத தோட்டா ஒன்றைப் போட்டுத் தந்தார். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை, ஆனால் குழல் மட்டும் வெடுக்கென்று கீழே குனிந்தது. வராத சத்தத்துக்குப் பயந்து என் கைதான் அதை இழுத்திருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு எதில் மருந்து இருக்கிறது என்று சொல்லாமலே மாற்றி மாற்றித் தந்தார். சத்தத்துக்குக் காத்திருப்பதை உடம்பு மெல்ல மெல்ல மறந்தது.

முதல் வேட்டைக்குப் போன அன்று காலை காட்டோரப் புல்வெளியில் மான் வந்து பக்கவாட்டில் நின்றது. குறி ஆடியது. சுடவில்லை. மூச்சை விட்டேன். இன்னொரு முறை விட்டேன். முன்னங்காலுக்குப் பின்னே குறி அடங்கி நின்றதும் விசையை மெதுவாக அழுத்தினேன்.

மான் துள்ளிக் காட்டுக்குள் பாய்ந்தது. எழுந்து ஓடப்போன என்னைச் சமையற்காரர் தோளில் அமத்தினார். காயம்பட்டதைத் துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், பொறு என்றார். அந்தக் காத்திருப்புத்தான் நரகம். கண்ணைத் திறந்து வைத்துத்தான் சுட்டேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

போய்ப் பார்த்தபோது முதல் மரங்களைத் தாண்டியதுமே கிடந்தது. குறி வைத்த இடத்திலேயே பட்டிருந்தது. சமையற்காரர் ஊசியிலைக் கொப்பு ஒன்றை முறித்து அதன் வாயில் வைத்தார். கடைசி வாய்ச் சாப்பாடாம், இங்கத்தைய வேட்டைக்காரரின் வழக்கம். எனக்கு எங்கள் வாய்க்கரிசி நினைவுக்கு வந்தது. அப்படியே ஈரப் புல்லில் குந்தியிருந்து நிம்மதியில் அழுதேன்.

வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"நொந்ததோ?" என்றாள் எடுத்தவுடனே.

"இல்லையப்பா. ஒரே வெடி."

"முருகா!" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு, "ஈரலைப் பழுதாக்காமல் கொண்டுவாங்கோ. மிளகு போட்டுப் பிரட்டுவம்."