பிரிட்ஜைக் கழுவின வெள்ளிக்கிழமை

எண்பதுகளின்ரை நடுவிலை நாங்கள் புலம்பெயர்ந்து வந்து, மில்லிக்கன் எண்ட இடத்திலை ஒரு சீனக் குடும்பத்தின்ரை பேஸ்மென்டிலை வாடகைக்கு இருந்தம். நான், இவர், பாலர் வகுப்புக்குப் போற மகள், ஊரிலை இருந்து வந்து சேர்ந்த இவரின்ரை அக்கா, எனக்கு மச்சாள். மச்சாள் சுத்த சைவம். அது அவவின்ரை விருப்பம். வீட்டிலை உள்ள எல்லாரையும் அதுக்குள்ளை போட்டு அமுக்கிறதுதான் எனக்கு அருவருப்பு.

மகளுக்கு இடக்காதுக்குள்ளை குத்துவலி எடுத்து, காய்ச்சலும் வந்தது. உள்ளுக்கை சீழ் கட்டியிருக்கு எண்டு டொக்டர் ரோஸ் நிறத்திலை குடிக்கிற பாணி மருந்துப் போத்தில் ஒண்டு தந்தார். பிரிட்ஜிலை வைக்கவேணும், இடையிலை நிப்பாட்டக்கூடாது எண்டும் சொன்னார். மேலே இருந்த வீட்டுக்காரச் சீன மனிசி, தன்ரை மகனுக்கும் உப்பிடித்தான் வந்தது எண்டு ஒரு கடதாசிச் சரையிலை மூலிகை கொண்டந்து தந்தா. டொக்டரின்ரை மருந்தை விடாதே, இது சூட்டைத் தணிக்க மட்டும், ரெண்டுக்கும் நடுவிலை கொஞ்ச நேரம் விடு எண்டு கையாலையும் வாயாலையும் விளங்கப்படுத்தினா. டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டன். பாணியை மட்டும் தவறவிடாதே எண்டார்.

மூலிகையை அவிச்சுக் குடுத்தன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சாள். மிச்சத்தைப் பிரிட்ஜிலை பாணிக்குப் பக்கத்திலை வைச்சன். எந்த மருந்து கேட்டதோ தெரியாது, காய்ச்சல் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலையாலை வந்தால் வீடு முழுக்க மஞ்சள் தண்ணி மணம். மச்சாள் பிரிட்ஜிலை இருந்த மூலிகைச் சட்டிக்குள்ளை, அடியிலை, சில்வண்டு கழட்டிவிட்ட தோலைக் கண்டிட்டா. சீனர் காய்ச்சலுக்கு அதையும் போடுறவையாம். எனக்கும் அதைக் காணப் பிடிக்கேல்லைத்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் அவ செய்த வேலை? மச்சம் மாமிசம் பட்டுப்போச்சு எண்டு பிரிட்ஜை ஒட்டக் கழுவி, பாணி மருந்தையும் சிங்குக்குள்ளை ஊத்திப்போட்டா.

"அது டொக்டர் தந்ததெல்லே மச்சாள்?"

"ஓம், தெரியும். உந்தப் பூச்சியோடை நிண்டதைப் பிள்ளையின்ரை வாயிலை எப்பிடி வைக்கிறது?"

டொக்டரின்ரை இடம் பூட்டிவிட்டுது, இனித் திங்கட்கிழமைதான். டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் திரும்பத் தரமாட்டம் எண்டு மருந்துக்கடையிலை சொல்லிப்போட்டாங்கள். எமேஜென்சிக்குப் போவம் எண்டு இவரைக் கேட்டன். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு என்னத்துக்கு ஆஸ்பத்திரி எண்டா மச்சாள். அக்கா சொன்னாப் பிறகு இவருக்கு வாய் இருக்கிறதே மறந்துபோகும். கார்த் திறப்புக் கோர்வை சுவராணியிலையே தொங்கினது.

ஞாயிறு விடிய மகளின்ரை தலையணை நனைஞ்சு கிடந்தது. சீழும் ரத்தமும். அந்த நாத்தம் இப்பவும் என்ரை மூக்கை விட்டுப் போகேல்லை. செவிப்பறை கிழிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு எத்தினை பேர் பார்த்தும் அந்தக் காது சரிவரேல்லை.

அண்டைக்கு ஆஸ்பத்திரியாலை வந்து மகளைப் படுக்க வைச்சன். மச்சாள் குளிச்சுத் தோய்ஞ்சு வந்து, பிள்ளையின்ரை நெத்தியிலை திருநீறு பூசினா.

"நல்ல காலம், உந்தப் பூச்சி முழுக்க உள்ளுக்கை போகேல்லை" எண்டா.

மகள் வலக்காதை எங்கட பக்கம் திருப்பி, "மாமி என்ன சொல்லுறா?" எண்டு என்னைக் கேட்டாள்.