நம்பர் இல்லாத மான்

கைப்பையின் ஸிப்பை இழுத்தால் இன்னும் கறுப்பு மை மணக்கிறது. அந்த மணத்துக்கு எனக்கு வெட்கம் வரவேண்டும். வருவதில்லை, பொறாமைதான் வருகிறது, நேற்றுத்தான் அது என்னைப் பிடித்ததுபோல.

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலை மண்டபத்தில் இளம் ஓவியர்களின் கண்காட்சி. சுவரில் பெரிய படங்கள். நான் வாசல் மேசையைத் தாண்டவில்லை. அங்கே அவர்களுடைய விசிட்டிங் காட்கள் பரப்பியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படம். ஒருவர் சுறாவின் செட்டையில் தன் பெயரை எழுதியிருந்தார். கிண்ணியாவிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி மட்டும் அச்சடிக்காமல், எல்லாவற்றையும் கறுப்பு மையில் கையால் கீறியிருந்தாள். ஒன்றைப்போல ஒன்று இல்லை. கேட்பவரோடு இரண்டு வார்த்தை கதைத்த பிறகுதான் பின்பக்கத்தில் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

அவற்றில் ஒன்றில் மான். எங்கள் பஸ் நிலையத்தடியில் ஆட்களோடு ஆட்களாகத் திரியும் மான்தான். வாழைப்பழத் தோலை மென்றபடி தூரத்துக் கப்பலைப் பார்க்கிறது. கப்பல் ஒரே ஒரு கோடு. அந்த மானை எழுத ஏழு வருடமாக முயல்கிறேன். மூன்று கொப்பிகள் எழுதித் தீர்ந்தன. காடு, அகதி என்று எத்தனை சொற்களை அதன் முதுகில் ஏற்றியிருப்பேன். ஒரு தரமும் அது என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்தப் பிள்ளையிடம் தானாக வந்து தீப்பெட்டி அகலத்துக்குள் நின்றிருக்கிறது. வேறு யாரும் அதைக் காணக் கூடாது என்று இருந்தது. அவள் அங்கால் திரும்பியபோது எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வாசற்படி இறங்கமுன் பின்னால் அவள் குரல்.

"அன்ரி, நம்பர் எழுதல்லயே. தாங்க, எழுதித் தாறன்."

அன்ரியாம். மானை வெளியே எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் எழுதினாள்.

"உங்கட காட் ஒண்டு தாங்களன்."

என்னுடையது வெறும் வெள்ளை அட்டை. பெயர், கீழே 'கவிஞர்'. ஐந்நூறு அடித்ததில் முக்கால்வாசி அலுமாரிக்குள் கிடக்கிறது. வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"பின்னுக்கு ஒண்டுமில்ல. கீறட்டா?"

ஒரு நிமிடமும் ஆகவில்லை. ஒரு பெண்ணின் தோளில் கைப்பை. மூடாத ஸிப்பிலிருந்து நீட்டிக்கொண்டு இரண்டு மான் காதுகள். அந்தத் தோளின் சரிவு என்னுடையதுதான். நான் எழுதிய எதிலும் நான் அவ்வளவு உண்மையாக இருந்ததில்லை. கையிலிருந்த மான் சட்டென்று பழசாகிவிட்டது.

"இதை வச்சுக்கொண்டு அதைத் தாங்கோவன்" என்றேன். மானை நீட்டிய கை கொஞ்சம் அவசரப்பட்டது.

அவள் என் அட்டையைத் தன் ஃபோன் உறைக்குள் செருகிக்கொண்டாள்.

"ஏலா அன்ரி. இது நீங்க எனக்குத் தந்த காட். மானைக் கொண்டு போங்க. ஸிப்பை மட்டும் பூட்டுங்க."