மாப் கேட்டு வந்த செய்தி

கொரோனா ஊரடங்கில் நான் சாய்ந்தமருது வீட்டிலிருந்தே பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணையவழியில் விரிவுரை நடத்தினேன். ஒருநாள் மருதமுனை மாணவன் ஒருவன் பாட ஒப்படையைத் தாமதமாக எழுதி அனுப்பி, "என்ன பிழை செஞ்சிருந்தாலும் மாப் செய்யுங்க மிஸ்" என்று எழுதியிருந்தான். தாமதத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறான் என நினைத்து, "பரவாயில்லை" என்று அனுப்பிவிட்டு உலை வைக்கப் போனேன்.

அரிசி களையும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படுகிறவர்கள்தான், திரும்பி வருவோமோ என்னவோ என்று வீடு வீடாக வந்து அப்படிக் கேட்பார்கள். ஊரே பூட்டிக் கிடக்கையில் இவனுக்கு என்ன பயணம்?

ஈரக் கையோடு அழைத்தேன். நான்காம் முறைதான் எடுத்தான். எடுத்ததும் அழுதான்.

"மாசக்கணக்கா அறைக்குள்ளயே கிடக்கன் மிஸ். உயிரோட இருக்கவே விருப்பமில்ல."

"மகன், போன வைக்காம உம்மாக்கிட்டக் குடுங்க" என்றேன்.

நான் சொன்னதைக் கேட்ட தாய் அன்று முழுக்க அவனைத் தனியே விடவில்லை. மறுநாளே வைத்தியரிடம் காட்டினார். அல்ஹம்துலில்லாஹ், தேறிவிட்டான்.

இப்போதெல்லாம் மாணவர் யாராவது மாப் கேட்டு எழுதினால் நான் பதில் எழுதுவதில்லை, உடனே அழைக்கிறேன்.

போன மாதம் அவன் வாசலில் வந்து நின்றான். "கட்டாருக்கு வேலைக்குப் போறன், மாப் செய்யுங்க மிஸ்."

"முதல்ல டிக்கட்டக் காட்டுங்க மகன்" என்றேன்.